மொதலாளி பாத்துச் சொல்லணும்

லேப்டாப்ப அப்புறம் தொறந்துக்கலாம் தம்பி. மொதல்ல டீயக் குடிங்க, ஆறிரும். கோயமுத்தூர்ல இருந்து வந்திருக்கீங்க, கார்டுல பேருக்குப் பின்னால நாலஞ்சு எழுத்து போட்டிருக்கு. எல்லாஞ் சரிங்க. ஆனா நல்ல கன்சல்டண்டுன்னா யாருன்னு உங்க காலேஜ்ல சொல்லிக் குடுத்திருக்க மாட்டாங்க. அத நான் சொல்றேன். இந்தக் கரூர்ல முப்பது வருசமா பஸ் பாடி கட்டற சென்னியப்பன் சொல்றேன். ஏன்னா ஒரு கன்சல்டண்ட் வந்து எங்குடும்பத்த ரெண்டாப் பொளந்து போட்டுட்டுப் போயிருச்சு. அந்த வயித்தெரிச்சல் இன்னும் அடங்கல.

திருச்சிக்காரம்மா. ஜெசிந்தான்னு பேரு. வயசு அம்பதுகிட்ட இருக்கும். கண்ணாடி போட்டுகிட்டு, காட்டன் சேல கட்டிகிட்டு, பாக்கறதுக்கு ஹெட்மிஸ்ட்ரஸ் மாதிரி இருக்கும். எங்க சங்கத்துல ஒருத்தர் சொன்னாருன்னு கூட்டியாந்தேன். சொன்னவர இப்பப் பாத்தாலும் நான் பேசறதில்ல.

எதுக்குக் கூட்டியாந்தேன்னு கேளுங்க. எங்க தொழில்ல மே மாசம்னா ஸ்கூல் பஸ் சீசன். ஜூன்ல பள்ளிக்கூடம் தொறக்கறதுக்குள்ள மஞ்ச வண்டி பூராவும் கேட்டத் தாண்டிப் போயிரணும். முந்தின வருசம் போகலீங்க. நாமக்கல்ல ஒரு பள்ளிக்கூடத்துக் கரஸ்பாண்டண்ட், ரத்தினசபாபதின்னு, நீங்க உக்காந்திருக்கற அதே எடத்துல நின்னுகிட்டு எம்பொண்ணு முன்னாலயே என்னய, "சொன்னா சொன்ன தேதிக்குத் தரத் துப்பில்லாதவன் எதுக்கய்யா ஷெட் வெச்சிருக்கற?"ன்னாரு. எம்பொண்ணு முன்னால. எம்பொண்ணு இந்துமதி இஞ்சினீரிங் முடிச்சுட்டு அப்ப மூணு வருசமா என்கூட ஷெட்டுல நின்னுகிட்டிருந்துச்சு. ஒரே பொண்ணு.

வண்டி ஏன் லேட்டாகுது? எனக்குத் தெரியும். சின்னக் கொழந்தையக் கேட்டாலும் சொல்லும். எம்மச்சினன் தங்கமுத்து. எம்பொஞ்சாதிக்குத் தம்பி. சாமான் வாங்கறது அவன் பொறுப்பு. மெதுவா எந்திரிப்பான், மெதுவா பேசுவான், மெதுவா நடப்பான். அவனப் பாத்தாலே வண்டி லேட்டாத்தான் போகும்னு தெரிஞ்சிரும். அவன வெளிய அனுப்பணும். நான் அனுப்புனா எம்பொஞ்சாதி சோத்துல உப்புப் போடாது. அப்ப யாரு அனுப்பணும்? வெளியாளு அனுப்பணும். "சார், ஆராய்ச்சி பண்ணிப் பாத்துட்டேன், இவரு போனாத்தான் கம்பெனி உருப்படும்"னு படிச்ச ஆளு ஒருத்தர் சொல்லிட்டா, நானும் மூஞ்சியத் தொங்கப் போட்டுகிட்டு, "என்ன மாப்ள பண்றது, மேடம் சொல்லிருச்சே"ன்னு முடிச்சிருப்பேன். யாருக்கும் நோகாம போயிருக்கும். அதுக்குத்தானுங்க கன்சல்டண்டு. வேற எதுக்கு?

மொத நாளே அந்தம்மாகிட்ட ஜாடையாச் சொன்னேன். "எல்லாத்துக்கும் பர்ச்சேஸ்தான் காரணம்னு எனக்குப் படுது, நீங்களும் பாருங்க"ன்னேன். புரிஞ்சிருக்கணுமா இல்லியா? என்ன சொல்லுச்சு தெரியுமா?

"காரணம் தெரிஞ்சிருச்சுன்னா என்னை எதுக்குங்க கூப்பிட்டீங்க?"

சிரிச்சுகிட்டேதான் கேட்டுச்சு. அப்பவே நான் உசாராயிருக்கணும்.

அப்புறம் அந்தம்மா பண்ணுன வேலையச் சொல்றேன் கேளுங்க. சும்மா நின்னுச்சு. அதான் வேல. ஏசி ரூம் குடுத்தேன், வேண்டான்னுருச்சு. ஷெட்டுக்குள்ள வெல்டிங் நடக்கற எடத்துல ஒரு ஸ்டூலப் போட்டு உக்காந்துக்கும். ஒரு வண்டி நிக்குதுன்னா அது பக்கத்துலயே அதுவும் நிக்கும். யாரு வர்றா, யாரு போறா, எதுக்கு நிக்குதுன்னு பாத்துகிட்டே இருக்கும். எல்லாருகிட்டயும் கேக்கும். ஆனா எதுவும் சொல்லாது. நான் குடுக்கற காசுக்கு ஒரு ஆலோசன சொல்ல வேண்டாமா தம்பி? ரெண்டு வாரம் பூராவும் கேள்விதான். என்கிட்டக்கூடக் கேட்டுச்சு, "சீட்டுத் துணி கலர நீங்க வேற யாருகிட்டயாவது விட்டிருக்கீங்களா?"ன்னு. எதுக்கு விடணும்? எங்கண்ணு என்ன அவிஞ்சா போச்சு?

இருங்க... என்னப்பா? ஜன்னல் ரப்பர் பீடிங்கா? கருப்பா சாம்பலா? அட இருப்பா, பேசிகிட்டிருக்கறேன் பாரு, வந்து பாக்கறேன். வண்டி எங்க ஓடியா போயிரும்? அப்பிடியே வெச்சுட்டு நில்லு.

பாத்தீங்களா. ஒண்ணையும் தானா செய்யத் தெரியாது இவனுங்களுக்கு. எங்க விட்டேன்?

ஆங். மெசின்காரன். பைப்ப வளைக்கற புது மெசின் ஒண்ணு, விக்கறவன் எனக்கு வேண்டியவன். எனக்கும் அதுமேல ஒரு கண்ணு. அவன் போயி அந்தம்மாவப் பாத்து, "வாங்கச் சொல்லி எழுதுங்க மேடம், உங்களையும் கவனிச்சுக்கறோம்"னிருக்கான். ஊர் உலகத்துல நடக்கறதுதானுங்க. அந்தம்மா நேரா எங்கிட்ட வந்து நிக்குது. "உங்க ஷெட்டுல பைப்பு வளைக்கறதுல ஒரு நாள்கூட லேட் ஆகல. இந்த மெசின் உங்களுக்குத் தேவையில்ல. அவர் என்கிட்ட இப்படிப் பேசினாருங்கறதும் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்"னுச்சு. பொழைக்கத் தெரியாத பொம்பளன்னு நெனச்சுகிட்டேன். எனக்கு மெசினும் போச்சு, சிநேகிதனும் போனான்.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கலாம் தம்பி. இன்னொண்ணு பண்ணுச்சு பாருங்க. ஆளுங்ககிட்டப் பேசிச்சில்ல, அவனுங்க என்னயப் பத்தி என்ன சொன்னானுங்கன்னு கேட்டேன். நியாயந்தானே? என் ஷெட்டு, என் ஆளு, என் காசு. "பொதுவா என்ன சொன்னாங்கன்னு சொல்றேன். யாரு சொன்னாங்கன்னு சொல்ல மாட்டேன்"னுச்சு. பெயிண்டர் காதர் பாயா, தங்கமுத்தா, யாருன்னு நான் துருவித் துருவிக் கேக்கறேன். அந்தம்மா அசையல. "உங்களப் பத்தி நாளைக்கு யாராவது எங்கிட்டக் கேட்டாலும் இதேதான் சொல்வேன்"னு எனக்கே சமாதானம் சொல்லுது. எனக்குன்னு வேல செய்ய வந்துட்டு எவனோ ஒருத்தனக் காப்பாத்துனா அது என்ன வேலைங்க?

சரி, இனி இழுக்கக் கூடாதுன்னு நானே ஒரு மீட்டிங் போட்டேன். எம்பொண்ணு, எம்பொஞ்சாதி, தங்கமுத்து, காதர் பாய், இன்னும் ரெண்டு மேஸ்திரிக, எல்லாரையும் வரச் சொல்லிட்டேன். வட, காப்பியெல்லாம் சொல்லி வெச்சேன். அந்தம்மா காலைல வந்ததும், "மொதல்ல உங்ககிட்டத் தனியா பேசணும்"னுச்சு. நான் விடல. தனியா சொன்னா எம்பொஞ்சாதி நம்புமா? நானே சொல்லச் சொன்னேன்னுதான நெனைக்கும்? "எதா இருந்தாலும் எல்லாரு முன்னாலயும் சொல்லுங்க மேடம்"னேன். "தனியா பேசறதுதான் நல்லதுங்க"ன்னு மறுபடியுஞ் சொல்லுச்சு. "இங்க ஒளிவு மறைவு கெடையாது. சொல்லுங்க!"ன்னேன். சத்தமாவே சொன்னேன். தங்கமுத்து காதுல விழணும்னுதான்.

அந்தம்மா கண்ணாடியக் கழட்டித் தொடச்சுப் போட்டுகிட்டு என்னயப் பாத்துச்சு.

"உங்க ஷெட்டுல வண்டி நிக்கறது வெல்டிங்குக்காக இல்லீங்க. சாமானுக்காகவும் இல்ல. தங்கமுத்து சார் சாமான நேரத்துக்குத்தான் கொண்டு வர்றாரு. வண்டி நிக்கறது உங்களுக்காக."

எனக்கு ஒண்ணும் புரியல. "எனக்காகவா?"

"நீங்க பாத்து சரின்னு சொல்றதுக்காக. ஒவ்வொரு வண்டியும், ஒவ்வொரு எடத்துலயும். போன வாரம் மூணு ஸ்கூல் பஸ் பெயிண்ட் அடிக்காம நின்னுச்சு. மஞ்ச கலர நீங்க பாக்கணும்னு. நீங்க ஒரு கல்யாணத்துக்கு மதுரை போயிட்டீங்க. ஸ்கூல் பஸ் மஞ்ச எதுன்னு சட்டத்துலயே இருக்குதுங்க. அதுல நீங்க பாக்கறதுக்கு என்ன இருக்கு?"

என்ன இருக்கா? மஞ்சள்ல எத்தன மஞ்ச இருக்குது தெரியுமா தம்பி? டப்பாவுல ஒரே நம்பரு போட்டிருக்கும், அடிச்சுப் பாத்தா ஒண்ணு எலுமிச்சம்பழமா இருக்கும், ஒண்ணு மாம்பழமா இருக்கும். அத நான் பாக்காம யாரு பாக்கறது? இத அந்தம்மாகிட்டச் சொன்னேன். அதுக்கு, "அத இந்துமதி பாப்பாங்க. உங்கள விட நல்லாவே பாக்கறாங்க. இந்த ஒரு சீசன் ஷெட்ட அவங்ககிட்டக் குடுங்க. நீங்க காலைல வராதீங்க. சாயந்தரம் வந்து முடிஞ்சத மட்டும் பாருங்க"ன்னுச்சு.

என் ஷெட்டுக்கு என்னயவே வராதீங்கன்னு! எல்லாரு முன்னாலயும்!

காதர் பாய் காப்பி டம்ளருக்குள்ள எதையோ தேடிகிட்டிருக்கறாரு. தங்கமுத்து செவுத்தப் பாத்துகிட்டிருக்கறான். எம்பொண்ணப் பாத்தேன். அது தலையக் குனிஞ்சுகிட்டு இருந்துச்சு. ஒருத்தராவது, "மேடம், நீங்க சொல்றது தப்பு"ன்னு சொல்லணுமில்ல? ஒருத்தருஞ் சொல்லல. எல்லாரையும் அந்தம்மா அப்பிடி மயக்கி வெச்சிருந்துச்சு.

அந்த நிமிசமே கணக்க முடிச்சு அனுப்பிட்டேன். போகும்போது என் ரூம் வாசல்ல நின்னு சொல்லுச்சு: "நீங்க எவ்வளவு வற்புறுத்தியிருந்தாலும் எல்லார் முன்னாடியும் நான் அதச் சொல்லியிருக்கக் கூடாதுங்க. அது என் தப்பு, மன்னிச்சுக்குங்க. ஆனா சொன்ன விஷயம் தப்பில்ல."

மன்னிப்புக் கேக்கறதுலகூட எவ்வளவு திமிர் பாருங்க.

அந்தம்மா சொன்னது பொய்யின்னு காட்டணும்னு எனக்கு வெறி வந்துருச்சு. நான் வராம இருக்கறதா? அந்த மே மாசம் பூரா ஷெட்டுலயே கெடந்தேன். விடிஞ்சா அங்க, பொழுதெறங்குனா அங்க. ஒரு ஆணி அடிக்கறதா இருந்தாலும் நான் பாத்துத்தான். அப்பவும் வண்டி போகலீங்க. எப்படிப் போகும்? நான் ஒரு வண்டியில ஏறிப் பாத்துகிட்டிருந்தா மத்ததுல இருக்கறவனெல்லாம் கையக் கட்டிகிட்டு நிக்கறான். கேட்டா, "நீங்க வந்து பாக்கணும்ங்கண்ணா"ன்னு ஒரே பாட்டு. சோம்பேறிப் பசங்க. நான் ஒரு ஆளு எத்தன எடத்துல நிப்பேன்?

பள்ளிக்கூடம் தொறக்க நாலு நாள் இருக்கு. ரத்தினசபாபதி போன் மேல போன். கடைசியா ஒரு வண்டிய எடுத்து, "கெளப்புங்கடா, ஆர்டிஓ ஆபீசுல பிரேக் இன்ஸ்பெக்டருகிட்டக் காட்டிட்டு நேரா நாமக்கல் போகட்டும்"னேன். டிரைவரு சாவி கேட்டா சாவியக் காணோம். பாத்தா எம்பொண்ணு சாவியக் கையில வெச்சுகிட்டு வண்டிக்கு முன்னால நிக்குது.

"அப்பா, பின்னால எமர்ஜென்சி கதவு தொறக்கல. பிரேமுல எறுகிகிட்டு நிக்குது. பிரேம சரி பண்ணாம அனுப்பக் கூடாது."

"ரெண்டு தட்டு தட்டுனா தொறக்கும். புது வண்டி அப்பிடித்தான் இருக்கும். சாவியக் குடு."

"உள்ள இருக்கப் போறது சின்னப் பசங்கப்பா. ஏதாவது ஒண்ணுன்னா அதுங்க யாரத் தட்டச் சொல்லும்?"

"சாவியக் குடுன்னா குடு."

"குடுக்க மாட்டேன். இந்த வண்டி இன்னிக்குப் போகாது."

ஷெட்டே வேலைய நிறுத்திட்டு வேடிக்க பாக்குது. அந்தம்மா வந்து போனதுல இருந்துதானுங்க எம்பொண்ணுக்கு இந்த வாயி. அதுக்கு முன்னால ஒரு வார்த்த எதுத்துப் பேசுனதில்ல. எனக்குக் கோவம் மண்டைக்கு ஏறிருச்சு. சொல்லிட்டேன். "நாளைக்கு எவன் வீட்டுக்கோ போகப் போறவ நீ. இது உன் ஷெட் இல்ல. என் ஷெட்டு. தள்ளி நில்லு"ன்னு.

அப்பன் சொல்ற வார்த்ததானே? ஊர்ல எந்த அப்பன் சொல்லல? அழுதிருந்தாலும் பரவால்ல, நானே சமாதானப்படுத்தியிருப்பேன். அழுகல. வந்து சாவிய என் உள்ளங்கையில வெச்சுட்டு, கேட்டத் தாண்டிப் போயிருச்சு.

வண்டி போச்சு. பிரேக் இன்ஸ்பெக்டரு கதவ இழுத்துப் பாத்தாரு. வரல. உள்ள இருந்து தள்ளிப் பாத்தாரு. வரல. திருப்பி அனுப்பிட்டாரு. அது புது ரப்பருங்க தம்பி, வெயிலுக்கு ஒட்டிக்கும். எம்பொண்ணு சொன்னதுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமுமில்ல. பிரேம அறுத்து எடுத்தப்ப கொஞ்சம் கோணியிருந்துச்சு, ஆமா. எந்தப் பிரேம் கோணாம இருக்கு?

ரத்தினசபாபதி பாக்கி ஆர்டர ரத்து பண்ணிட்டாரு.

எம்பொண்ணு என்ன பண்ணுச்சு தெரியுமா? மண்மங்கலம் பக்கம் மூடிக் கெடந்த ஒரு ஷெட்ட வாடகைக்குப் புடிச்சிருச்சு. காதர் பாய் போயிட்டாரு. தங்கமுத்து போயிட்டான். அவன வெளிய அனுப்பணும்னுதான நான் இத்தன பாடுபட்டேன், அவன் என்னடான்னா அவனாவே போயி எம்பொண்ணுகிட்ட உக்காந்துகிட்டான். எம்பொஞ்சாதி தெனமும் மத்தியானம் கேரியரத் தூக்கிகிட்டு அங்க போகுது. எனக்கு இங்க எடுத்து மூடி வெச்சுட்டுப் போயிருது. ஏன்னு நான் கேக்கல. கேட்டா பதில் சொல்லிரும்.

எல்லாம் அந்தம்மா சூழ்ச்சின்னு எனக்கு விளங்கிருச்சு. எம்பொண்ணப் பிரிச்சுக் கூட்டிட்டுப் போயி அங்க கன்சல்டண்டா உக்காரலாம்னு திட்டம். போனப் போட்டுக் கிழி கிழின்னு கிழிச்சேன். பொறுமையாக் கேட்டுட்டு என்ன சொல்லுது?

"இந்துமதி என்னைக் கூப்பிட்டாங்க, உண்மைதான். வர முடியாதுன்னு சொல்லிட்டேன். உங்க ஷெட்டுக்குள்ள இருந்து எல்லாத்தையும் பாத்துட்டு, உங்களுக்குப் போட்டியா நிக்கற எடத்துக்கு நான் போறது மொற இல்லீங்க. அவங்களுக்கு வேற ஒருத்தர் பேரு குடுத்திருக்கேன்."

கேட்டீங்களா? எம்பொண்ணுக்கு ஒதவி பண்றதுக்குக்கூட அந்தம்மாவுக்கு மனசு வரல. சின்னப் பொண்ணு, ஒத்தையில ஷெட்டுப் போட்டு நிக்குது, போயி நாலு வார்த்த சொல்லிக் குடுத்தா என்ன கொறஞ்சா போயிரும்? அதுக்கும் அந்தம்மாகிட்டத்தான் சண்ட போட்டேன். "அவ கூப்பிட்டும் ஏன் போகல நீங்க?"ன்னு. அந்தம்மா, "இத நீங்க அவங்ககிட்டயே பேசலாமே"ன்னுட்டு வெச்சிருச்சு.

அப்புறம் போன வாரம் ஒண்ணு நடந்துச்சு. அதுக்குத்தான் உங்களக் கூப்பிட்டதே.

நாமக்கல் ரோட்ல போயிகிட்டிருக்கறேன், எனக்கு முன்னால ஒரு மஞ்ச பஸ். பின்னால கீழ சின்னதா ஷெட் பேரு எழுதியிருக்கு. எம்பொண்ணோடது. ரத்தினசபாபதி பள்ளிக்கூடத்து வண்டி. நான் பின்னாலயே போறேன். போயிகிட்டே பாக்கறேன். பேனல் ஜாயிண்டப் பாத்தேன், லைட்டப் பாத்தேன், கண்ணாடி உக்காந்திருக்கறதப் பாத்தேன். ஒரு கொற, ஒரே ஒரு கொற கண்ணுல படணுமில்ல? மஞ்சகூட, என்ன சொல்றது, மஞ்சயாத்தான் இருந்துச்சு. எனக்கு ஆத்திரம் தாங்கல. முன்னால போயி காரக் குறுக்க போட்டு நிறுத்திட்டேன்.

டிரைவரு பயந்துட்டான். பசங்கள எறக்கி விட்டுட்டு சும்மா போற வண்டிதான். நான் ஏறி நேராப் பின்னால போனேன். எமர்ஜென்சி கதவு. கைப்புடியத் திருப்பித் தள்ளுனேன். தம்பி, தள்ளக்கூட இல்ல. கைய வெச்சேன், தொறந்துகிச்சு.

"யாருங்க நீங்க?"ன்னு டிரைவரு கேக்கறான். எறங்கி வந்துட்டேன்.

கதவு அவ்வளவு லேசா இருந்தா பசங்க வெளையாட்டுக்குத் தொறந்திர மாட்டாங்களா? அத எம்பொண்ணுகிட்டச் சொல்லணுமில்ல? அப்பன்கறதுக்காக இல்லீங்க, தொழில் தெரிஞ்சவன்கற மொறையில. காரத் திருப்பி நேரா மண்மங்கலம் போனேன். அத்தன மாசத்துல மொத தடவ. போற வழியெல்லாம் என்ன சொல்லணும், எப்பிடி ஆரம்பிக்கணும்னு சொல்லிப் பாத்துகிட்டே போனேன்.

கேட் தொறந்துதான் இருந்துச்சு. உள்ள போனேன். யாரும் என்னய நிறுத்தல. ஒரு பக்கம் வெல்டிங் நடக்குது. ஒரு பக்கம் சீட்டு ஏறுது. காதர் பாய் மூஞ்சியில துணியக் கட்டிகிட்டு பெயிண்ட் அடிச்சுகிட்டிருக்கறாரு. என்னயப் பாத்தாரு, தலைய அசைச்சாரு, கை நிக்கல. தங்கமுத்து வந்து, "வாங்க மாமா, உக்காருங்க"ன்னு சேர் எடுத்துப் போட்டான்.

"எங்க அவ?"ன்னேன்.

"அம்மிணி ஊட்டிக்குப் போயிருக்குதுங்க மாமா. அக்காளும் கூடப் போயிருக்கு. நாலு நாள் ஆச்சு, நாளன்னிக்குத்தான் வரும்."

எம்பொஞ்சாதி எங்கிட்ட, தங்கச்சி வீட்டுக்குன்னு சொல்லிட்டுப் போயிருந்துச்சு.

"அப்ப இங்க யாரு பாத்துக்கறா?"ன்னேன்.

"பாத்துக்கறதுக்கு என்னங்க இருக்கு? வேல நடக்குது பாருங்க"ன்னு சிரிக்கறான் தங்கமுத்து.

நின்னேன் தம்பி. அரை மணி நேரம் நின்னேன். எவனாவது வந்து எங்கிட்ட ஒண்ணு கேப்பான்னு பாத்தேன். கருப்பா சாம்பலா, நீளமா குட்டையா, ஏதாவது ஒண்ணு. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். ஒருத்தனும் வரல. நான் இருக்கறதையே மறந்துட்டு அவனவன் அவனவன் வேலையப் பாத்துகிட்டிருக்கறான்.

அதான் உங்களக் கேக்கறேன். நீங்க படிச்சவரு. கார்டுல நாலஞ்சு எழுத்து போட்டிருக்கறீங்க. ஓனர் அன்னிக்கு ஊர்லயே இல்ல தம்பி. ஊட்டியில உக்காந்திருக்கறா. ஷெட்டு நடக்குது. எப்பிடிங்க நடக்கும்? ஏன் அப்பிடிப் பாக்கறீங்க? வாயத் தொறந்து சொல்லுங்க, எப்பிடி நடக்கும்?